மெர்வானாவில் இந்தியர்: 1

எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள் எதையும் தேடிப் பார்க்காதவர்கள். அவர்களை நம்பித்தான் கிளாடிஸின் பிழைப்பு நடந்தது. தூத்துக்குடி பீச் ரோட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்த அவளுடைய அலுவலகத்துப் பலகையில் ‘உலக அரசுப் புள்ளிவிவரங்கள் தேடித் தரப்படும்’ என்று எழுதியிருக்கும். பல் பிடுங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, இதற்கெல்லாமா ஒரு கடை என்று வீங்கிய கன்னத்தோடு சிரித்துவிட்டுப் போவார்கள்.

உலகப் பேரட்டவணை என்ற ஒரே தளத்தில் எல்லா நாடுகளும் தங்கள் கணக்குகளை வைத்தே ஆக வேண்டும் என்று உடன்படிக்கை ஆகி வெகுகாலம் ஆயிற்று. இனி எந்த அரசாங்கமும் எதையும் மறைக்க முடியாது என்று அப்போது பட்டாசு வெடித்தார்கள். அது உண்மைதான், ஒருவரும் மறைக்கவில்லை. எல்லாரும் போகக்கூடிய இடத்தில், ஒருவரும் போகாத பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு நாட்டின் சிறைக் கைதிகள் வீட்டுவசதித் துறைக்குக் கீழே இருப்பார்கள். இன்னொரு நாட்டில் தற்கொலைகள் ‘இதர நிகழ்வுகள்’ என்ற தலைப்பில், கால்நடைகளுக்கு அடுத்த பக்கத்தில் கிடக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சந்துபொந்துகளில் அலைந்ததில் கிளாடிஸுக்கு ஒவ்வொரு அரசாங்கத்தின் குணமும் அத்துப்படி.

இறால் ஏற்றுமதிக்காரர்கள் வருவார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை சொல்லும் சம்பளம் அந்த ஊரில் நடக்கிற சம்பளம்தானா என்று பார்க்கப் பெண்ணைப் பெற்றவர்கள் வருவார்கள். யார் வந்தாலும் கிளாடிஸ் முதலில் ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டாள். “பூஜ்யம்னா எண்ணிப் பாத்தோம், ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கட்டத்துல வெறும் ரெண்டு புள்ளி கெடந்தா, எண்ணவே இல்ல, எங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டுப் போயிராதீங்க, குடி முழுகிரும்” என்பாள். பட்டம் வாங்கியவர்களே இதில் தடுக்கி விழுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துப்போயிருந்தது.

சனிக்கிழமை மட்டும் நாலு மணிக்கே கதவைப் பூட்டிவிடுவாள். வடக்கே பனி கொட்டும் ஒரு நாட்டில் முதியோர் இல்ல நர்ஸாக இருக்கும் மகள் ஷெரின் அன்றைக்குத்தான் பேசுவாள். புருஷன் போன பிறகு கிளாடிஸுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு குரல்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சூசை வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

“எம் மகன் டென்சில் மெர்வானாவுல இருக்கான் மேடம்” என்றார். “இருக்கானான்னு பாக்கணும்.”

மெர்வானா என்ற பெயர் கிளாடிஸுக்குத் தெரியும். பெருங்கடலின் நடுவே நிக்கல் தோண்டுவதற்காக ஒரு நிறுவனம் கட்டிய மிதக்கும் மேடை அது. பிறகு தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. கொடி உண்டு, தேசிய கீதம் உண்டு, புள்ளிவிவரத் துறை உண்டு, மண் மட்டும் கிடையாது. கடலடியில் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கப் பல நாடுகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து போனது டென்சில் ஒருவன்தான். அதற்காக அவனுக்குத் தெருவில் மாலை எல்லாம் போட்டார்கள் என்று சூசை சொன்னார்.

“பேசுறதே இல்லையா அண்ணாச்சி?”

“அதெல்லாம் ஒரு வாரம் தவறாது. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு நாங்க வீட்டுக்குள்ள கால வைக்கவும் போன் அடிக்கும். அவன் அம்மைக்கு அதுதான் பூசை.”

பின்னே என்ன சந்தேகம் என்று கிளாடிஸ் கேட்டாள். அவர் எப்படிச் சொன்னால் பைத்தியம் என்று நினைக்கமாட்டாள் என்று யோசித்துப்பார்த்தவர் மாதிரி, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

போன மாதம் அவருடைய தம்பி மாரடைப்பில் இறந்துபோனார். உடலை சூசையின் வீட்டு முன்கட்டில்தான் கிடத்தியிருந்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது. டென்சிலின் அம்மா லூர்து, அழுதுகொண்டே சித்தப்பா செத்துப்போன சேதியைச் சொன்னாள். மறுமுனையில் அவனும் அழுதான். தோளில் தூக்கிக்கொண்டு சித்தப்பா துறைமுகம் காட்டியதை, மிட்டாய் வாங்கிக் கொடுத்ததை எல்லாம் சொல்லி அழுதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில், எப்போதும் சொல்கிற மாதிரியே, ‘சரிம்மா, போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டு வைத்தான்.

“சாவு வீட்டுல, பொணம் கெடக்கையில, போயிட்டு வாரேன்னு சொல்லுவானா மேடம்? நாலு வயசுல அவன் பாட்டையா கேதத்துல அப்படிச் சொல்லிட்டான்னு நான் அவன் வாயில அடிச்சிருக்கேன். அன்னையிலேர்ந்து சாவு வீட்டுல வாயத் தொறக்காம எந்திரிச்சு வந்துருவான். போன்ல பேசுனாலும் சொல்லமாட்டான். அவன் ஃபிரெண்டு அப்பா செத்தப்போ போன் பண்ணிப் பேசிட்டு, சொல்லாமத்தான் வச்சான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

வெளியூரில் இருந்து பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்று லூர்து அவர் வாயை அடைத்துவிட்டாளாம். அவரும் அடங்கிப்போயிருப்பார். ஆனால் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்கலாமென்றால் ஒருவனுக்கும் இவர் பாஷை தெரியாது. நிறுவனத்துக்கு எழுதினார். உங்கள் மகன் நலமாக இருக்கிறார் என்று அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

கிளாடிஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். இந்த வேலையில் இதுவரை அவள் தேடியதெல்லாம் ஆயிரங்கள், லட்சங்கள். ஓர் ஆளைத் தேடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. அட்டவணையில் பெயர் இருக்காது அண்ணாச்சி, எண்ணிக்கைதான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த நாட்டில் இந்தியன் ஒருவன்தான் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

திரையில் மெர்வானாவின் பக்கத்தைத் திறந்தாள். சின்ன நாடுகளுக்கு எப்போதும் வீறாப்பு அதிகம். மெர்வானா எண்ணாத பொருளே கிடையாது. எத்தனை ரொட்டி, எத்தனை முடிவெட்டு, எத்தனை பல்வலி என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை வைத்திருந்தது. மக்கள்தொகை, குடியுரிமை வாரியாக. இந்தோனேசியாவுக்கு மேலே ஒரு வரி.

இந்தியா: 1.

சூசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் வந்தார். “அந்த ஒண்ணு எம் மவன்தானே?” என்று கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி.”

அவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை கிளாடிஸ் பக்கத்தை மாற்றவில்லை.

அடுத்து இறப்புகள். மேடை நாடான நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் பூஜ்யம். இரண்டு புள்ளி அல்ல, அழுத்தமான பூஜ்யம். பிறகு தொழிலாளர் நலம். ‘வாரம் ஒருமுறையாவது குடும்பத்துடன் பேசும் தொழிலாளர்கள்: நூறு சதவீதம்.’ நூறு என்ற எண்ணை அவள் எந்த நாட்டிலும் நம்பியதில்லை.

“மகன் வேலைக்குச் சேரும்போது குரல்துணைன்னு எதுலயாவது சம்மதம் குடுத்தானா?” என்று கேட்டாள்.

கொடுத்தான் என்றார் சூசை. கடலுக்கு அடியில் போனால் மேலே வரச் சில சமயம் இரண்டு வாரம் ஆகும். அந்த நேரத்தில் வீட்டில் பயப்படாமல் இருக்க, அவன் குரலிலேயே, அவன் பேசுகிற மாதிரியே ஓர் இயந்திரம் பேசும், படம்கூட அனுப்பும் என்று போகும் முன்னே அவனே சொல்லியிருந்தான். இயந்திரம் பேசினால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது பாருங்க என்று அம்மாவைக் கேலி செய்தானாம்.

“வாரம் தவறாம வீட்டுக்குப் பேசுற கணக்கு நூறுக்குக் கொறஞ்சா அந்த நாட்டுக்கு யாரும் ஆள் அனுப்பக் கூடாதுன்னு உடன்படிக்கையில இருக்கு அண்ணாச்சி. அதனால ஆள் பேசலன்னா மெஷின் பேசிரும். யாரையும் கேக்காது.”

“எம்புட்டு நாளைக்குப் பேசும்?”

“நிப்பாட்டச் சொல்ற வரைக்கும்.”

நிறுத்தச் சொல்வது யார் என்று அவர் கேட்கவில்லை. இறப்புக் கணக்கு மாறினால்தான் குரல்துணைக்கு உத்தரவு போகும், அந்தக் கணக்கு பூஜ்யத்திலேயே நின்றது.

மெர்வானாவின் பக்கங்களில் இனி ஒன்றும் கிடைக்காது என்று கிளாடிஸுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் வீட்டுச் சங்கதி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். ஒரு நாடு அனுப்பியது இன்னொரு நாட்டுக்கு வந்துதானே சேர வேண்டும்? ஏற்றுமதியில் மறைந்தது இறக்குமதியில் தலைகாட்டும். அவள் தொழிலின் சூட்சுமமே அதுதான். மெர்வானாவிலிருந்து கப்பல்கள் வந்து சேரும் துறைமுகம் ஒன்றே ஒன்று. அந்தத் துறைமுகத்தை வைத்திருக்கும் நாட்டின் சுங்க அட்டவணைக்குள் போனாள். சூசையை மறுநாள் வரச் சொன்னாள். அவர் போகவில்லை. வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

மெர்வானாவிலிருந்து இறக்குமதி. நிக்கல், கோபால்ட், பழுதுக்கு அனுப்பிய இயந்திரங்கள், காலி உருளைகள். உலகத்தில் கைமாறுகிற எல்லாவற்றுக்கும் சுங்கத்தில் ஒரு வகை எண் உண்டு. மனித உடலுக்கும் உண்டு. போன வருஷத்துத் தவக்காலத்து மாதத்தில் அந்த வரிக்கு நேரே ஒரு கட்டத்தில் 1 என்று இருந்தது.

அதே துறைமுகத்தின் சுகாதாரத் துறையில் ‘கடல்வழி வந்த உடல்கள், குடியுரிமை வாரியாக’ என்றொரு பட்டியல், கொசு ஒழிப்புக்கும் குடிநீர்ப் பரிசோதனைக்கும் நடுவே. அதே மாதம், இந்தியா: 1. இறந்த காரணம் என்ற கட்டத்தில் இரண்டு புள்ளி. நகராட்சிக் கல்லறை அட்டவணையில், உரிமை கோரப்படாதவை: 1.

நண்பகல் ஆகியிருந்தது. கீழே பல் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. கிளாடிஸ் மூன்று அட்டவணைகளையும் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் ஓர் எண்ணைச் சரிபார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. தப்பாக இல்லை.

சூசையை உள்ளே கூப்பிட்டாள். பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் போன வருஷத் தவக்காலத்தின்போது ஓர் இந்தியரின் உடல் மெர்வானாவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு ஈஸ்டர் வந்துபோயிருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் கேக் வெட்டும் படம் அனுப்பியிருந்தான். அதை லூர்து சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

“பின்ன ஏன் எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல?”

கிளாடிஸுக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ அவளே செய்த காரியம் மாதிரி. “ரெண்டு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போனாத்தான் ஒரு ஆளுக்குச் சாவுச் சான்றிதழ் குடுக்க முடியும்னு சட்டம். மெர்வானா பூஜ்யம்னு சொல்லுது. துறைமுகம் ஒண்ணுன்னு சொல்லுது. ஒத்துப்போகல. ஒத்துப்போகலன்னா ‘ஒப்புகை நிலுவை’ன்னு போட்டு வச்சிருவாங்க. நிலுவையில இருக்க வரைக்கும் யாரும் யாருக்கும் தகவல் குடுக்கக் கூடாது.”

“அப்போ யாரு பொய் சொல்லுதது?”

“யாருமே இல்ல அண்ணாச்சி. மேடையில செத்தாத்தான் மெர்வானா கணக்கு. ஒருவேள கடலுக்கு அடியில செத்திருப்பான். இல்ல, கப்பல்ல ஏத்துன பொறகு உசிரு போயிருக்கும். அது அவங்க எண்ணுற எடத்துல வராது. சாவுன்னு எண்ணாததால ஆள் கணக்குலயும் கழிக்கல.”

சொல்லி முடிக்கும்போதே, எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. எந்தக் கட்டத்திலும் பிழை இல்லை. ஒரு பையன் மட்டும் கட்டங்களுக்கு நடுவே விழுந்துவிட்டான்.

செய்யக்கூடியது ஒன்று இருந்தது. மூன்று அட்டவணைகளையும் காட்டி, பெற்றவர்களில் ஒருவர் எதிர்மனு போட்டால் பேரட்டவணை மறுபடி சரிபார்க்கும். மெர்வானா தன் கணக்கைத் திருத்தியே ஆக வேண்டும். சான்றிதழ் வரும், உடலும் ஊருக்கு வரும். சூசை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“மனு போட்டா, இந்த ஞாயித்துக்கிழம போன் வருமா?”

“வராது அண்ணாச்சி. மனு ஏறுனதும் குரல்துணைய நிறுத்திருவாங்க.”

சூசை, வீட்டில் லூர்து என்ன செய்துகொண்டிருப்பாள் என்று சொல்ல ஆரம்பித்தார். அடுத்த மாதம் மகன் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னானாம். நெத்திலிக் கருவாடு வாங்கிக் காயவைத்திருக்கிறாள். போன வருஷமும் வாங்கிவைத்தாள். கடைசி நேரத்தில் வேலை நீண்டுவிட்டது என்று அவன் சொன்னதும் அதை எடுத்துத் தெருவில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள்.

“அங்க பேரு போட்டுப் பொதச்சிருப்பாங்களா?”

“இல்ல அண்ணாச்சி. நம்பர்தான்.”

சூசை கையை நீட்டினார். கிளாடிஸ் மனுவைத் திறந்து கொடுத்தாள். கட்டைவிரல் ரேகை முதல்தரம் பதியவில்லை, விரல் அப்படி வேர்த்திருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். தேடலுக்குக் கூலி எதுவும் கேட்கக் கூடாது என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை. தண்ணீர் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். கதவு வரைக்கும் போனார். கிளாடிஸ் எழுந்து நின்று, பழக்கத்தில், அவர் சொல்லப்போவதற்குத் தலையசைக்கத் தயாராக இருந்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

எதிர்மனு புதன்கிழமையே ஏற்கப்பட்டது. அரசாங்கங்கள் இவ்வளவு வேகமாகவும் வேலை செய்யும் என்று கிளாடிஸுக்கு அன்றுதான் தெரிந்தது. மெர்வானாவின் இறப்புப் பக்கத்தில் அந்த மாதத்துக்கு நேரே பூஜ்யம் போய் 1 என்று வந்திருந்தது, ‘திருத்தப்பட்டது’ என்ற சிறிய அடிக்குறிப்போடு. பிறகு மக்கள்தொகைப் பக்கத்தைப் பார்த்தாள். இந்தோனேசியா இருந்தது, அதற்குக் கீழே ஈரான் இருந்தது. இந்தியா என்ற வரியே இல்லை. ஆள் இல்லாத நாடுகளை மெர்வானா பட்டியலில் காட்டுவதில்லையாம். சூசை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்று இப்போது எங்கேயும் இல்லை. கிளாடிஸ் மேசையில் தலையை வைத்து அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை லூர்து வந்தாள். கிளாடிஸ் அவளைப் பார்த்ததில்லை, ஆனால் படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே யாரென்று தெரிந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அவள் கத்துவாள் என்று கிளாடிஸ் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நேத்து போன் வரல” என்றாள் லூர்து.

“அக்கா...”

“அவன் போயிட்டான்னு இவுக சொன்னாவ. இருக்கட்டும். கடல்ல போனது ஒருநாள். அன்னைக்கு நான் பக்கத்துல இல்ல, எனக்குத் தெரியாது. ஆனா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஒரு புள்ள எங்கிட்டப் பேசிச்சே. சாப்பிட்டியாம்மான்னு கேட்டுச்சே. முட்டுவலிக்கு எண்ண தேச்சியான்னு கேட்டுச்சே. இவன் கூட இருக்கையில அதெல்லாம் கேட்டவனில்ல. அந்தப் புள்ளயையும் சேத்துல்லா எடுத்துட்டீங்க.”

கிளாடிஸுக்கு அது மெஷின் அக்கா என்று சொல்ல நாக்கு எழவில்லை. மெஷின் என்று லூர்துவுக்குத் தெரியாமலா இருக்கிறது?

போகத் திரும்பியவள் நின்றாள். சுவரில் இருந்த ஷெரின் படத்தைப் பார்த்து, யாரு என்று கேட்டாள். மகள் என்றாள் கிளாடிஸ். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள்.

“பேசுதாளா?”

“சனிக்கிழம பேசுவா.”

“பாத்துட்டீங்களா?” என்று லூர்து கேட்டாள். குத்திக் காட்டுகிற குரலில் அல்ல. உலை கொதித்துவிட்டதா பார்த்தாயா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற மாதிரி, அக்கறையாகத்தான் கேட்டாள்.

கிளாடிஸ் பார்த்ததில்லை. இருபத்தைந்து வருஷத்தில் உலகத்து நாடுகளையெல்லாம் துருவியவள், மகள் இருக்கும் நாட்டின் பக்கத்தை ஒருநாளும் திறந்ததில்லை. திறக்கத் தோன்றவில்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

லூர்து போன பிறகு திறந்தாள். பெரிய நாடு. இந்தியர்கள் மட்டும் லட்சத்துக்கு மேல். அவ்வளவு பெரிய எண்ணுக்குள் ஒரு பெண்ணைத் தேட முடியாது. வெளிநாட்டு நர்ஸுகள், குடும்பத்துடன் பேசும் விகிதம்: நூறு சதவீதம். வெளிநாட்டு நர்ஸுகள், இறப்பு என்ற வரிக்குப் போனாள். கடந்த இரண்டு வருஷத்துக்கும் கட்டங்களில் இரண்டிரண்டு புள்ளிகள். எண்ணவில்லை, தெரியாது. இத்தனை வருஷமாக அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, அதற்குப் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. ஒன்று என்றும் அர்த்தமில்லை. ஷெரின் கடைசியாக ஊருக்கு வந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டென்சிலின் பெட்டி சனிக்கிழமை மதியம் விமான நிலையத்தில் இறங்கியது. தூத்துக்குடியின் இறக்குமதிக் கணக்கில் அன்றைக்கு அந்த வகை எண்ணுக்கு நேரே 1 என்று ஏறியிருக்கும். மூன்று நாட்டுக் கணக்கும் ஒருவழியாக ஒத்துப்போயிற்று. திறக்கக் கூடாது என்று முத்திரை வைத்திருந்ததால் லூர்து பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். கோயில் மணி அடித்து உடலை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. கிளாடிஸ் பெண்களோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் சூசையின் கையைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்கு அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, பந்தல் கால் ஓரமாக நின்றாள்.

“அம்மா, எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு?”

“ஒரு சாவு வீட்டுல இருக்கேன்மா. ஒனக்குத் தெரியாது. உன் வயசுப் பையன்.”

“ஐயோ. எப்பிடிம்மா?”

கிளாடிஸ் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில் என்று மட்டும் சொன்னாள். ஷெரின் கேட்டுக்கொண்டாள். அந்த அம்மா பாவம் என்றாள். நீங்கள் காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, வெயிலில் நிற்காதீர்கள், மாத்திரையைக் கையோடு கொண்டுபோனீர்களா என்று கேட்டாள். குரல் அவளுடையதுதான். ‘ச’ வரும் இடத்தில் சின்னதாக ஒரு காற்று வரும், பல் கட்டிய நாளிலிருந்து வருவது, அதுவும் வந்தது. கிளாடிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மகள் பேசப் பேச அவள் மனம் மட்டும் கடைசி வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஷெரினும் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் முடிப்பாள். இன்றைக்கு அப்படி முடிப்பாளா, மாட்டாளா? எண்ணிப் பார்த்துவிடலாம். இன்னும் ஒரு வரிதான்.

உள்ளே பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். லூர்துவின் ஓலம் தெருவுக்கு வந்தது.

“சரிம்மா, நீங்க போயி அவங்களப் பாருங்க” என்றாள் ஷெரின். “நான்...”

கிளாடிஸ் போனை அணைத்துவிட்டாள்.